நான் எடுக்காத விரதம்

சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாண விருந்து. பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டி முடித்து, கோழி வறுவல் மேசைக்கு வந்து, கூட்டம் பாதி வயிறு நிறைந்து உற்சாகமாகிவிட்ட நேரம். என்னை எப்போதும் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவார்கள். "பஸ் பாட்டு! பஸ் பாட்டு!" என்று மேசையைத் தட்டுவார்கள்.

பஸ் பாட்டு நான் எழுதி நானே மெட்டுப் போட்டது. விடியற்காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் முச்சந்திக்கு வரும் பாக்டரி பஸ்ஸைப் பற்றியது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு நானும் அந்த பஸ்ஸில் வேலைக்குப் போனவள். ஜன்னல் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்க்கிற அக்காக்கள், ஏறி உட்கார்ந்ததுமே குறட்டை விடுகிறவர்கள், ஓடி வந்து கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள்.

நில்லு நில்லு பஸ்ஸு அண்ணே
ஒத்தச் செருப்பு மாட்டுறேன்
தூக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கு
ஒன் சீட்டுல அத முடிக்கிறேன்

இணையத்தில் போட்ட முதல் மாதத்திலேயே வானொலிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பாக்டரி கிடையாது. கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணம் வரைக்கும் எந்த மண்டபத்தில் விருந்து நடந்தாலும், மேடையில் என் இசைக்குழு ஏறும். பாட்டின் கடைசியில் ஒரு 'நில்லு' வரும். அதை உச்சியில் ஏற்றி, மூச்சு தீரும்வரை இழுப்பேன். எவ்வளவு நேரம் இழுக்கிறேன் என்று மேசைக்கு மேசை பந்தயம் கட்டுவார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் கூட இழுக்கவேண்டும் என்று எனக்கு நானே போட்டி போட்டுக்கொள்வேன். சத்தம் சரியாகக் கேட்காத மண்டபங்களில் கத்துவேன். கத்தி முடித்துவிட்டு ஐஸ் போட்ட தேத்தண்ணியைக் குடிப்பேன். குரல் என்பது தேய்கிற பொருள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு அந்தக் கடைசி 'நில்லு'வை ஏற்றினேன். வெறும் காற்று வந்தது. வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. எங்கள் கீபோர்ட் அண்ணன் கெட்டிக்காரர். கண நேரத்தில் புரிந்துகொண்டு, அந்த இடத்தை நிரப்புகிற மாதிரி விரல்களை ஓட்டி ஒரு பெரிய முடிப்பு வாசித்துவிட்டார். இது புது ஸ்டைல் போலிருக்கிறது என்று கூட்டம் கை தட்டியது. பக்கத்து வீட்டு ஆண்ட்டியும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை அவருக்குச் சொந்தம். முன் மேசையில் உட்கார்ந்து மீதிப் பிரியாணியை வீட்டுக்கு எடுத்துப்போகத் தாப்பாவ் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எழுந்து "அம்மா" என்று கூப்பிட்டேன். அதுவும் காற்றாகவே வந்தது.

அரசாங்க மருத்துவமனையில் தொண்டைக்கான மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு என் குரல் நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டிலும் எதிரெதிரே ஒரு சின்ன மேடு. பயப்படாதே, புற்று எதுவும் இல்லை என்றார். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களின் உள்ளங்கையைப் பார்த்திருப்பாயே, அந்தக் காய்ப்புதான் உன் தொண்டையிலும் விழுந்திருக்கிறது என்றார். அவர் குறித்துக் கொடுத்த தேதி எங்கள் கோயில் திருவிழாவை ஒட்டி வந்தது. அன்றைக்கு மறுபடி வந்து காட்டு, அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்பது பேசுவதைவிட மோசம் என்றார். காய்ப்புக் கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் கத்தி வைக்கவேண்டும். வைத்த பிறகு பாடலாமா என்று அம்மா கேட்டார். பாடலாம், ஆனால் இதே குரலாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

காரில் திரும்பி வரும்போது நான் அழுதேன். சத்தமில்லாமல் அழவேண்டியிருந்தது, அதுதான் இன்னும் கொடுமை. எனக்கு வேறு தொழில் தெரியாது என்பது ஒரு பக்கம். பாடாவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம். அம்மா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

எங்கள் தாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பெரியவர்கள் வேலை பார்த்த தோட்டத்தை விற்று, தொழிலாளர் லயங்களை இடித்தபோது, அங்கிருந்த குடும்பங்களுக்கெல்லாம் கோலசிலாங்கூர் சாலையோரத்தில் வரிசை வீடுகள் கிடைத்தன. லயத்தில் யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ, அநேகமாக அதே வரிசையில் இங்கேயும் குடி வந்தோம். அங்கே பலகைச் சுவர், இங்கே செங்கல் சுவர், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். கோயிலும் எங்களோடு கூடவே வந்தது. அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நான் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கோயில் முச்சந்தியில் பசியாறும் கடை போட்டு என்னை வளர்த்தார். காலையில் தோசை, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், கோப்பி. ஊர்ச் செய்தி எதுவும் அந்தத் தோசைக்கல்லைத் தாண்டாமல் போனதில்லை.

மறுநாள் காலையிலேயே கேள்வி வந்துவிட்டது. நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கோயில் தலைவர் கோப்பிக்கு உட்கார்ந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். நூறு ஏக்கருக்குக் கேட்கிற குரலில்தான் வீட்டிலும் பேசுவார்.

"என்னாம்மா, பாட்டுக்காரி பேச்சையே காணோம்?" என்றார்.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "அவ மௌன விரதம்ணே. திருவிழா வரைக்கும் வாய தொறக்க மாட்டா. ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டா."

என் கையிலிருந்த தட்டு நழுவியது. மறுத்துச் சொல்ல வாய் வேண்டுமே. தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து நின்றார். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு, வழக்கமாகப் போடுகிற சத்தத்தைப் பாதியாகக் குறைத்து இன்னொரு கோப்பி கேட்டார்.

கடை மூடியதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கைகளை ஆட்டினேன், போனில் தட்டித் தட்டிக் காட்டினேன். சாமி விஷயத்தில் யாராவது பொய் சொல்வார்களா என்று கேட்டேன்.

"பின்ன என்னா சொல்ல சொல்ற? தொண்டையில காய்ப்பு விழுந்துருச்சுன்னா?" என்று அம்மா எரிந்து விழுந்தார். "இங்க சொன்னா அங்க தஞ்சோங் காராங்ல கேக்கும். நாளைக்கே ஒன் கல்யாண புக்கிங்கெல்லாம் அடுத்தவளுக்குப் போயிரும். ஒனக்குக் குரல் திரும்பி வந்தாலும் அந்தப் பேரு போவாது. 'அதுவா, அதுக்குத் தொண்ட அவுட்டு லா'ன்னுவானுங்க. வெரதம்னா மரியாதையா வுட்டுடுவாங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கம்முனு கெட."

கம்மென்று கிடந்தேன். வேறு வழியும் இல்லை. கீபோர்ட் அண்ணன் விருந்துக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, பாடகி விரதத்தில் இருக்கிறார், அதுவரைக்கும் வேறு ஆளை வைத்துச் சமாளிக்கிறோம் என்று சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. விரதம் முடித்து வந்து எங்கள் பெண்ணை ஆசீர்வதியுங்கள் என்று ஒரு வீட்டார் சொன்னார்களாம். பஸ் பாட்டுப் பாடுகிறவளிடம் ஆசீர்வாதம்! எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

தாமானே என்னிடம் மாறிப்போனது. கடைக்கு வருகிற பெண்கள் கொஞ்சம் மல்லிகைப் பூவை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். ஒருவர் வீட்டு மாட்டுப் பாலைப் போத்தலில் கொண்டு வந்து கொடுத்தார். முந்தைய மாதம்வரை "என்னா பாட்டு, ஒரே கத்தலு" என்று சொன்னவர்கள் எனக்கு வழி விட்டு நின்றார்கள்.

அம்மா வீட்டில் மீனையும் கோழியையும் நிறுத்தினார். விரத வீடு என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும். ஆனால் தொண்டைக்குச் சூடாகக் கோழி சூப்பு கொடுத்தால் நல்லது என்று அவருக்கு யாரோ எப்போதோ சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை. பக்கத்து ஊர் பாசாருக்குப் போய்க் கம்போங் நாட்டுக்கோழி வாங்கி, பைக்குள் பை வைத்துக் கொண்டு வருவார். சன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சூப்பு கொதிக்கிற நேரத்தில் சாம்பிராணி போடுவார். அந்தப் புகையில் இருமாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய விரதம்.

ஒரு நாள் மத்தியானம், தெருவைப் பார்த்த வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு ஆண்ட்டி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, பயபக்தியாகக் கேட்டார்.

"பாப்பா, ஒரு நம்பர் குடேன்."

நாலு நம்பர் லாட்டரிதான். எங்கள் பக்கத்தில் யாருக்குச் சாமி வந்தாலும், யார் விரதமிருந்தாலும், கார் மரத்தில் மோதினாலும் நம்பர் கேட்பார்கள். வேண்டாம் ஆண்ட்டி என்று சொல்வதற்காகக் கையை விரித்துக் காட்டினேன்.

"அஞ்சு" என்றார்.

கெஞ்சிக் கும்பிட்டேன். "சுழி" என்றார். என்னைக் காப்பாற்றச் சொல்லி அம்மாவை நோக்கி விரலை நீட்டினேன். "ஒண்ணு." அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் கும்பிட்டேன். ஆண்ட்டி நாலு எண்ணையும் முணுமுணுத்துக்கொண்டே என் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். சாம்பிராணி வாசத்துக்கு என்று நினைத்தேன்.

இயல்பில் நான் வாயாடி. யாராவது ஒன்று சொன்னால் மூன்று திருப்பிச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்வது, காதுதான் வேலை செய்தது. பக்கத்து ஆலையின் சங்கு, தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், லோரிக்காரர்கள் போகிற போக்கில் அடிக்கிற ஹாரன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கேள்வி. "பசியாறியாச்சா?" மோட்டார் சைக்கிளில் போகிறவர் கேட்பார். கோயிலுக்குப் போகிறவர் கேட்பார். முந்தைய நாள் சண்டை போட்டவரும் கேட்பார். எவரும் பதிலுக்கு நிற்க மாட்டார்கள். நான் தலையை ஆட்டுவதற்குள் போயே விடுவார்கள். அத்தனை வருஷம் நானும் அதே கேள்வியை வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் பேச முடியாமல் போன பிறகுதான் அது எத்தனை விதமான ராகத்தில் வருகிறது என்று கேட்டேன். அதிலும் அத்தனையும் தாழ்ந்த சுருதி. 'பசியாறியாச்சா' என்று யாரும் உச்சியில் கத்துவதில்லை.

நாசி லெமாக் பாத்திரத்தின் மூடியில் விரலால் தாளம் தட்டிப் பார்த்தேன். வரிகளைப் போனில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கீபோர்ட் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது காட்டினேன்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். நான் கையைத் தாழ்த்திக் காட்டினேன். இன்னும் கீழே. இன்னும்.

"இன்னும் எறக்கவா? நீ பாடற பாட்டு மாரியே இல்ல லா" என்றார். "மேல போற எடமே இல்லாம எப்டி? கடைசியில ஜனங்க எதுக்குக் கை தட்டுவாங்க?"

அது நியாயமான கேள்வி. பயத்தில்தான் நான் இறக்கினேன் என்பது அவருக்கும் தெரியும். பாட்டில் உயரமே இல்லாவிட்டால் கூட்டம் கொட்டாவி விடும். அன்று முழுக்க மூடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி என்னுடையது, பதில்? மறுநாள் காலை அம்மா வழக்கம்போல ஒருவரைக் கேட்க, அவர் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து "ஆச்சு!" என்று உரக்கக் கத்தியபோது எனக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் என் குரலே வேண்டாம். கேட்பது நான், மேலே போய்க் கத்துவது அவர்கள். அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே போன் செய்தார். எனக்குப் பேசத் தடை என்பதை மறந்துவிட்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பாட்டைப் பற்றிக் கோலாலம்பூரில் ஒரு ஒலிப்பதிவுக்காரர் பிற்பாடு சொன்னார், 'பசியாறு' என்றால் சென்னையில் சரியாகப் பிடிபடாது, 'சாப்டாச்சா' என்று மாற்றிவிடலாம் என்று. பிடிபடாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

திருவிழா வாரம் மருத்துவமனைக்குப் போனோம். மறுபடியும் கேமரா. மேடுகள் சிறுத்திருந்தன, ஆனால் முழுக்கப் போகவில்லை. மெதுவாகப் பேசத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். கோயிலில் ஒரு பாட்டுப் பாடியே ஆகவேண்டும் என்று அம்மா கெஞ்சினார். ஏனென்றால் தலைவர் அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டிருந்தார், எங்கள் வீட்டுப் பாடகி ஆத்தா முன்னால் பாடித்தான் விரதத்தை முடிப்பாள் என்று. மருத்துவர் யோசித்தார். ஒரே ஒரு பாட்டு, தாழ்ந்த குரலில், மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு. ஒருதரம் கத்தினாலும் கரைந்ததெல்லாம் திரும்பி வரும், அப்புறம் கத்திதான் என்றார்.

எனக்கு ஒரே பயம்தான். கூட்டம் பஸ் பாட்டைக் கேட்கும். கேட்காமல் விடாது. பாடமாட்டேன் என்று நின்றால் ஏன் என்பார்கள். பாடினால் அந்தக் கடைசி 'நில்லு'வோடு என் கதை முடிந்துவிடும்.

அது போதாதென்று தலைவர் இன்னொரு குண்டைப் போட்டார். வருஷா வருஷம் சாயங்காலம்தான் இசை நிகழ்ச்சி. விளக்குப் போட்ட மேடை, வெளியூர்க் கூட்டம் எல்லாம் அப்போதுதான். என்னை அதிலிருந்து எடுத்து, மத்தியானம், பால்குடம் முடிந்து அன்னதானத்துக்கு வரிசை நிற்கிற நேரத்தில் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் பாட யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெயில், வியர்வை, சாம்பார் வாசனை. மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக விடுகிற பாட்டுக்குத்தான் அந்த நேரம். என் இரத்தம் கொதித்தது. ஊருக்குள் அத்தனை பேர் வந்து பாடச் சொல்லிக் கெஞ்சுகிற பாடகி நான்! பேச்சை மேடைக்கு மிச்சம் பிடிக்கவேண்டும் என்பதால், போனில் நீளமாகத் திட்டி எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி இல்லாமல் போனைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். "மத்தியானந்தான். அதுல மாத்தம் இல்ல."

திருவிழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பால்குடங்கள் வந்து சேர்ந்து, உறுமி மேளம் ஓய்ந்து, அபிஷேகம் முடிந்திருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கம் சோற்று அண்டாக்களும் சாம்பார் அண்டாக்களும் திறக்கத் தயாராக இருந்தன. வரிசை கோயில் வாசல்வரை நீண்டிருந்தது. மஞ்சள் சேலையில், முகமெல்லாம் வேர்த்து, பசித்த கூட்டம். குருக்கள் எனக்குத் தீர்த்தம் கொடுத்தார். அம்மா என் கழுத்தில் மாலை போட்டார். பொய் சொன்னதற்கு ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

மேடை ஏறினேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பஸ் பாட்டு!"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் இன்னொரு மைக்கைப் பிடுங்கினார். "பஸ்ஸு இன்னிக்கி லீவு! எவனுக்கு பஸ் வேணுமோ அவன் முச்சந்தியில போயி நில்லு!" என்றார். கூட்டம் சிரித்தது. கீபோர்ட் அண்ணன் தொடங்கிவிட்டார்.

முதல் வரியில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரவென்று, மணல் கலந்த மாதிரி, எனக்குப் பழக்கமில்லாத ஆழத்திலிருந்து வந்தது. ஆனால் வந்தது. காற்றாக வரவில்லை, குரலாக வந்தது.

வெயிலு வந்து கதவத் தட்டுது
வெளிய நிக்கிற அக்கா
வேர்வை கூட காயவே இல்ல
பசியாறியாச்சா?

மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினேன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைத்தேன். வரிசையில் முன்னால் தட்டோடு நின்ற பெண்மணிக்குப் பசி தாங்கவில்லை போலும். "இன்னும் இல்ல!" என்று கத்தினார்.

கூடாரம் வெடித்துச் சிரித்தது. அடுத்த தடவை பத்துப் பேர் கத்தினார்கள். அதற்கடுத்த தடவை வரிசை முழுக்க. நான் எழுதிய பதில் 'ஆச்சு' என்பது. அதைக் காற்றில் விட்டுவிட்டு அவர்கள் தங்கள் உண்மையைக் கத்தினார்கள். நான் கீழே நின்று கேட்கக் கேட்க, அவர்கள் மேலே மேலே போனார்கள். சோற்று அண்டாவுக்குப் பின்னால் நின்றவர்கள் கரண்டியால் தாளம் போட்டார்கள். கடைசிச் சுற்றில் அந்த 'இல்ல'வை அவர்களாகவே மூச்சு தீரும்வரை இழுத்தார்கள். என் 'நில்லு'வைவிட நீளமாக இழுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் இருந்ததில்லை. குரலில் பாதி போனாலும் என் பாட்டு என்னை விட்டுப் போகாது என்று எனக்கு அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் தலைவர் "இப்பப் போடுங்கய்யா சோத்த!" என்றார்.

கூடாரத்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஆண்ட்டி வாழை இலையில் எனக்குச் சோறு கொண்டு வந்து வைத்தார். குனிந்து, காதருகே கேட்டார்.

"டாக்டரு என்னா சொன்னாங்க? கத்தி வைக்க வேணாம்தானே?"

நான் அவரையே பார்த்தேன்.

"என்னா முழிக்கிற? சுங்கை ஆயர் தாவார்ல காத்து வந்தப்பயே தெரியும். நான் முன்னாடி மேசையிலதானே ஒக்காந்திருந்தேன்?" என்றார். "அப்பறம் ஒங்கம்மா வெரதம்னுச்சு. வெரத வூட்டுல கோழி சூப்பு வாசம் வருமா? சாம்பிராணி போட்டா மட்டும்? நமக்கு நடுவுல இருக்கறது ஒத்தச் செவுரு பாப்பா."

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். பாட்டைத் தவிர அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

"நம்ம தாமானுக்குத் தெரியும். வெளிய போவல. தலைவரு எதுக்கு ஒன்ன மத்தியானம் போட்டாருன்னு நெனச்ச? சாயங்காலம்னா கிள்ளான்காரனுங்க போன தூக்கிக்கிட்டு வந்துருவானுங்க. ஒரு எடத்துல பிசிறு தட்டினா அது ஊரெல்லாம் ஓடும். இப்ப நம்ம ஆளுங்க மட்டுந்தானே லா."

தலைவரைத் திட்டி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்ப நம்பர் கேட்டீங்களே ஆண்ட்டி?"

"கேக்காம வுட்டா அது வெரதம்னு எவன் நம்புவான்? பாதித் தெரு பாத்துக்கிட்டு இருந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "எடுக்கவும் எடுத்தேன். வுழுவல."

நான் சிரிக்க வாயெடுத்தேன். அவர் ஒரு வடையை என் வாயில் திணித்தார். "பேசாத. டாக்டரு சொன்னத கேளு. பேசறத நாங்க பேசிக்கிறோம். ஒங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத, பாவம், யாருக்கும் தெரியாதுன்னு நம்பிக்கிட்டு இருக்கு."

சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் அம்மா கரண்டியோடு நின்று, சபாக் பெர்ணத்திலிருந்து வந்த யாரோ ஒரு சம்பந்தி அம்மாளிடம் என் விரதத்தின் கடுமையை விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முகத்தில் முழு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டு ஆண்ட்டி அதைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அங்கே நடந்து போனார். அவர் குரல் கூடாரத்தின் இந்தக் கோடிவரை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவ நான் சொல்றேன், கேட்டுக்கங்க. ஒரு வார்த்த பேசல. அந்த வூட்டுல ஒரு முட்ட கூட ஒடைக்கல."